வீட்டில் ரென்னிஸ் றக்கெற்றுக்கு நரம்பு கட்ட எவ்வளவு நீளம் வெட்டவேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு மெசினில் நரம்பு கட்டுபவர் ஒரு துண்டைக் குறைத்து வெட்டிவிட்டால், அடுத்த நரம்பு கொழும்பிலிருந்து பார்சலில் வரும்வரை றக்கெற் சுவரில்தான் தொங்கும். கூட்டி வெட்டினால் றீல் சீக்கிரம் முடியும். இரண்டுக்கும் மருந்து, உங்கள் றக்கெற்றை ஒரு தடவை ஒழுங்காக அளந்து எழுதி வைப்பதுதான்.

கீழே வரும் சில சொற்கள்: பிடியிலிருந்து தலைநோக்கி ஓடுவது நெடுக்கு நரம்பு, அதற்குக் குறுக்கே பின்னப்படுவது குறுக்கு நரம்பு. நரம்பு நுழையும் துளை கண். கடைசி நரம்பு சட்டத்துக்கு வெளியே வந்தபின், மெசினின் வாய் கவ்வி இழுப்பதற்காக விடும் மிச்சம் வால்.

ஒரு றக்கெற்றுக்கு மொத்தம் எவ்வளவு நரம்பு வேணும்?

தலை 100 சதுர அங்குலம், நெடுக்கு 16, குறுக்கு 19 என்றால் ஒரே துண்டாகக் கட்ட 11 மீற்றர். இரண்டு துண்டாகக் கட்டினால் நெடுக்குக்கு 6 மீற்றர், குறுக்குக்கு 5.5 மீற்றர். 110 சதுர அங்குலத் தலைக்கு ஒரே துண்டில் 11.5 மீற்றர் வரை போகும். தலை சிறிது என்பதால் 18×20 றக்கெற்றுக்கு நரம்பு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 95 சதுர அங்குலத் தலையானாலும் நெடுக்கில் இரண்டு, குறுக்கில் ஒன்று கூடுவதால் 11.7 மீற்றர் அளவு எடுக்கும்.

பக்கெற்றில் வருவது பெரும்பாலும் 12 மீற்றர் அல்லது 12.2 மீற்றர், அதாவது 40 அடி. ஆகவே பக்கெற் நரம்பை ஒரே துண்டாகக் கட்டுபவருக்கு மொத்த நீளம் கவலையில்லை. றீலிலிருந்து வெட்டுபவரும் பக்கெற்றை இரண்டாகப் பிரிப்பவரும்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

இந்த 6 மீற்றர் எப்படி வருகுது? என்ர றக்கெற்றுக்கு நானே கணக்குப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பழைய நரம்பு சட்டத்தில் இருக்கும்போதே அளப்பது சுலபம். நடுவிலிருந்து ஒரு பக்கமாக, ஒவ்வொரு நெடுக்கு நரம்பையும் சட்டத்தின் வெளிப்பள்ளத்திலிருந்து எதிர்ப்பக்க வெளிப்பள்ளம் வரை அளவுங்கள். உட்பக்கம் மட்டும் அளந்தால் சட்டத்தின் தடிப்பு விடுபட்டுப்போகும். ஒரு நரம்புக்கு இரண்டு முனையிலும் சேர்த்து ஏறத்தாழ 2 செ.மீ., பதினாறு நரம்புக்கு 32 செ.மீ. குறைத்து வெட்டுபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வெளிப்பள்ள அளவு நீளத்தில் 35 செ.மீ., அகலத்தில் 27 செ.மீ. உள்ள ஒரு 100 சதுர அங்குலத் தலையை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து எட்டு நெடுக்கும் இப்படி வரும்: 35, 34.8, 34.3, 33.7, 32.6, 31.1, 28.9, 25.9. கூட்டினால் 256 செ.மீ. ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு நரம்பு சட்டத்தின் வெளியே திரும்பும் தூரங்களுக்கு 12 செ.மீ. சேர்த்தால் 268. வாலுக்கு 30 செ.மீ. விட்டால் 298. ஒரு பக்கத்துக்கு 3 மீற்றர், இரண்டு பக்கத்துக்கு 6 மீற்றர்.

குறுக்கும் அதே முறைதான். இந்தத் தலையில் ஒரு குறுக்கு சராசரியாக 24 செ.மீ.க்குச் சற்று மேலே வரும். பத்தொன்பதுக்கு 461. வெளித் திருப்பங்களுக்கு 34. பனையோலைப் பாய் போல ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று வளைந்து போவதால் இன்னொரு 5. மொத்தம் 5 மீற்றர். தொடக்க முடிச்சுக்கு 20, கடைசி வாலுக்கு 30 சேர்த்தால் 5.5. குறுக்கைத் தொடக்க முடிச்சில்லாமல் தொடக்கக் கிளாம்பில் (நரம்பை நழுவாமல் கவ்விப் பிடிக்கும் தனிக் கைக்கவ்வி) பிடித்து ஆரம்பிப்பவர்கள் 5.6 வெட்டவேண்டும். அந்த முனையையும் பின்னர் மெசினால் இழுக்கவேண்டியிருப்பதால் அங்கேயும் முழு வால் தேவை.

கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு குறுக்குவழி சொல்லுங்கோ.

இரண்டு உண்டு. இரண்டும் 16 நெடுக்குக்குத்தான் பொருந்தும்.

முதலாவது, பிடியின் அடி முதல் தலையின் நுனி வரை நரம்பை நான்கு தடவை வைத்து, அதன்மேல் வாலுக்கு 30 செ.மீ. விடுங்கள். பெரியவர்களின் றக்கெற் வழமையாக 27 அங்குலம், அதாவது 68.6 செ.மீ. நான்கு தடவைக்கு 274. வாலோடு 3.04 மீற்றர். ஒரு பக்க நெடுக்குக்கு அது சரியாக இருக்கும்.

இரண்டாவது, தலையின் வெளி நீளத்தை ஒன்பது தடவை வைப்பது. எட்டு நரம்புக்கு எட்டு, வாலுக்கு ஒன்று. 35 செ.மீ. தலைக்கு 3.15 மீற்றர் வரும். ஓரத்து நரம்புகள் குட்டையானவை என்பதால் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் ஒருபோதும் குறையாது. புதிதாகக் கட்டுபவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

முதல் வழியில் ஒரு குழி இருக்கிறது. பிள்ளைகளின் 25 அங்குல றக்கெற்றில் பிடிதான் அதிகம் குட்டை. தலை அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. நான்கு றக்கெற் நீளம் என்று எடுத்தால் 254 செ.மீ.தான் கிடைக்கும், கடைசி நரம்பு வாய்க்கு எட்டாமல் நிற்கும். பிள்ளைகளின் றக்கெற்றுக்கு எப்போதும் தலையை வைத்தே அளவுங்கள். நீட்டிய பிடியுள்ள றக்கெற்றில் இதே வழி நரம்பைக் கூட்டிக் காட்டும், அதனால் ஆபத்தில்லை.

வீட்டில எங்க வைச்சு அளக்கிறது?

விறாந்தை நல்ல இடம். 60 செ.மீ. ரைல் பதித்த நிலமென்றால் பத்து ரைல் 6 மீற்றர். ரைலுக்கு நடுவே உள்ள சீமெந்துக் கோடுகள் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று செ.மீ. கூட்டும், அது வாலுக்கு நல்லதுதான். வெறும் சீமெந்து நிலமென்றால் ஸ்ரீல் ரேப்பைப் பிடித்து 5.5 மீற்றரிலும் 6 மீற்றரிலும் வெண்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். தையல்காரர் பாவிக்கும் துணி நாடா வேண்டாம், பழசானால் இழுபட்டு நீண்டிருக்கும்.

முற்றத்தில் அளக்காதீர்கள். செம்மண்ணோ மணலோ ஒட்டிய நரம்பைக் குறுக்காகப் பின்னும்போது, அந்தத் துகள் நெடுக்கு நரம்பை அரம் போல ராவும். தவறி விழுந்தால் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டுக் கட்டுங்கள்.

இடமில்லாதவர்கள் மேசை விளிம்பில் இரண்டு ஆணி அடித்து நரம்பைச் சுற்றி அளப்பதைக் காண்கிறோம். பொலியெஸ்ரர் நரம்பை மெல்லிய ஆணியில் மடக்கினால் அந்த இடத்தில் மடிப்பு விழும், இழுக்கும்போது அங்கேதான் அறும். ஆணிக்குப் பதிலாகத் தடித்த மரமுளை அல்லது போத்தல் வையுங்கள்.

பாகம் போட்டு அளந்தால் போதாதா?

கடற்றொழிலில் கயிறு அளக்க இரண்டு கையையும் விரித்துப் பாகம் போடுவது போதும். இங்கே வெட்டுவதற்கு அதை நம்பவேண்டாம், சரிபார்ப்பதற்குப் பாவியுங்கள். ஒருவருடைய பாகம் ஏறத்தாழ அவருடைய உயரம். 170 செ.மீ. உயரமானவருக்கு 11 மீற்றர் ஆறரைப் பாகம் வரும். வெட்ட முன்னர் ஒரு தடவை பாகம் போட்டு எண்ணிப் பாருங்கள். அளவில் ஒன்றிரண்டு செ.மீ. பிழைத்தால் வால் தாங்கும். நரம்பை வீணாக்குவது எண்ணிக்கைப் பிழை: சுற்றி அளக்கும்போது ஒரு சுற்றை விட்டுவிடுவது, ஐந்தை ஆறென்று எண்ணுவது. பாகம் அதைப் பிடித்துக் கொடுக்கும்.

வாலுக்கு ஏன் 30 செ.மீ.? குறைக்க ஏலாதா?

அது உங்கள் மெசினைப் பொறுத்தது. றக்கெற்றை மெசினில் பூட்டி, சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வாயின் உட்பக்கம் வரை அளவுங்கள். நரம்பை நேரே கவ்வும் வாயென்றால் அந்தத் தூரத்தோடு 5 செ.மீ. போதும். சில மெசினில் நரம்பு உருளையில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வாய்க்குள் போகும், அந்தச் சுற்றையும் கூட்டுங்கள். எடை தொங்கும் மெசினில் நரம்பு இளகும்போது தண்டு கீழே போகும், அதைத் தூக்கி மறுபடி கவ்வவேண்டி வரும். அதற்கும் கொஞ்சம் இருக்கட்டும். முடிச்சுக்குத் தனியாக விடவேண்டியதில்லை. இழுத்து முடிந்தபின் வால் சும்மா நிற்கும், அதிலேயே முடிச்சுப் போடலாம்.

ஒரே துண்டாகக் கட்டேக்க குட்டைப் பக்கம் எவ்வளவு?

குட்டைப் பக்கம் என்பது தன் பக்கத்து எட்டு நெடுக்கை மட்டும் கட்டும் முனை. மேலே சொன்ன 100 சதுர அங்குல றக்கெற்றுக்கு அது 3 மீற்றர். மிச்சம் 8 மீற்றரும் நீளப் பக்கம். இது தன் பக்கத்து எட்டு நெடுக்கையும் முடித்துக்கொண்டு குறுக்கு முழுவதையும் பின்னும்.

முனையிலிருந்து 3 மீற்றரில் சிறு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். பேனை மை பொலியெஸ்ரரில் நில்லாது, கைபட அழிந்துவிடும். அந்த ஒட்டு, நடு நெடுக்கு இரண்டுக்கும் இடையில் சட்டத்துக்கு வெளியே வரவேண்டும். முதல் இரண்டு நெடுக்கையும் கிளாம்பில் பிடிக்கும்வரை ஒட்டைக் கழற்றவேண்டாம். குட்டைப் பக்கம் பற்றாமல் போவது அளவு பிழைத்ததால் மட்டுமல்ல. அளவு சரியாக இருந்தும், மறுபக்கத்தை இழுக்கும்போது நரம்பு சத்தமில்லாமல் 20 செ.மீ. நழுவிவிடும். ஒட்டு இருந்தால் உடனே கண்ணில் படும்.

ஒரு துண்டா, இரண்டு துண்டா என்று எப்படித் தீர்மானிக்கிறது?

நடு நெடுக்கு இரண்டையும் சேர்க்கும் திருப்பம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். 16 நெடுக்கு றக்கெற்றில் அது தலையின் நுனியில் இருந்தால், எட்டாவது நரம்பு மீண்டும் நுனியிலேயே முடியும். அங்கிருந்து குறுக்கை மேலிருந்து கீழே பின்னலாம், ஒரே துண்டு போதும். திருப்பம் கழுத்தில், அதாவது தலையின் பிடிப்பக்கத்தில் இருந்தால் எட்டாவதும் கழுத்தில்தான் முடியும். அப்போது ஒரே துண்டென்றால் குறுக்கைக் கீழிருந்து மேலே பின்னவேண்டி வரும். குறுக்கு மேலிருந்து கீழே வரவேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் இரண்டு துண்டாக வெட்டுங்கள். 18 நெடுக்கில் பக்கத்துக்கு ஒன்பது என்பதால் இது தலைகீழாகும்: கழுத்தில் தொடங்கினால் நுனியில் முடியும்.

ஒரே துண்டில் சுற்றிக் கொண்டுபோய் மேலிருந்து பின்னும் முறையும் இருக்கிறது. அதில் குட்டைப் பக்கத்தின் நீளம் றக்கெற்றுக்கு றக்கெற் மாறும். உங்கள் றக்கெற்றுக்கான படம் கையில் இல்லாமல் அதில் இறங்கவேண்டாம்.

நெடுக்குக்குப் பொலியெஸ்ரர், குறுக்குக்கு நைலோன் போட விருப்பம். ஒரு பக்கெற்றை இரண்டு றக்கெற்றுக்குப் பிரிக்கலாமோ?

16 நெடுக்கென்றால் பிரிக்கலாம். 12.2 மீற்றரை நடுவே வெட்டினால் 6.1 வீதம் இரண்டு நெடுக்கு வரும். 12 மீற்றர்ப் பக்கெற்றென்றால் சரியாக 6 வீதம்தான், வாலில் விளையாட இடமிருக்காது. 18 நெடுக்கென்றால் முடியாது. அதற்கு 6.5 மீற்றர் வேண்டும், மிஞ்சும் 5.7 இன்னொரு நெடுக்குக்குக் காணாது. அதைக் குறுக்குக்குத்தான் பாவிக்கலாம்.

நரம்பு இழுபட்டு நீளும்தானே? அதைக் கணக்கில் எடுக்கவேண்டாமா?

எடுக்கவேண்டாம். 50, 55 இறாத்தலில் (22.7, 24.9 கிலோ) இழுக்கும்போது எல்லா நரம்பும் நீளத்தான் செய்யும். நைலோன் கூடுதலாக, பொலியெஸ்ரர் குறைவாக. நீள்வது உங்களுக்குச் சாதகம், வால் கொஞ்சம் வளரும். அதை நம்பி முன்கூட்டியே குறைத்து வெட்டினால், அடுத்த தடவை நைலோனை விட்டுப் பொலியெஸ்ரருக்கு மாறும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அளக்கும்போது கைவிசையில் நேராகப் பிடித்தால் போதும். றீலிலிருந்து வந்த பொலியெஸ்ரர் சுருள் சுருளாக நிற்கும், அப்படியே நிலத்தில் போட்டு அளந்தால் கோடு எட்டியதுபோலத் தோன்றும், உண்மையில் நீளம் கூடிப்போயிருக்கும். நரம்பின் தடிப்பும் (16 கேஜ் என்றால் 1.30 மி.மீ. அளவு, 17 என்றால் 1.25) நீளத்தில் பொருட்படுத்தக்கூடிய மாற்றம் எதையும் செய்யாது.

பயத்தில ஒரு மீற்றர் கூட விட்டால் என்ன நட்டம்?

காசு ஒரு பக்கம். ஒவ்வொரு குறுக்கும் போடும்போது மிச்ச நரம்பு முழுவதும் 16 நெடுக்குக்கு ஊடாக உராய்ந்து போகவேண்டும். கூடுதலான ஒரு மீற்றர் ஒவ்வொரு தடவையும் அறுக்கும். நைலோனில் வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பின் தோல் வெந்து வெள்ளைக் கோடு விழுவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். இழுக்கும் நரம்பை மேலும் கீழுமாக விசிறிக்கொண்டு இழுங்கள். ஒரே புள்ளியில் உரசாது.

பழைய நரம்பை வெட்டி எடுத்து அளந்தால் சரியா வராதா?

வராது. இறுகிய நரம்பை நடுவிலிருந்து வெளிநோக்கி, நெடுக்கும் குறுக்கும் மாறிமாறி வெட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கத்து இழுவை மட்டும் நின்று சட்டத்தை வளைக்கும். அப்படி வெட்டினால் கிடைப்பது துண்டுகள்தான். அளப்பதை வெட்டுவதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

200 மீற்றர் றீலில் எத்தனை றக்கெற் கட்டலாம்?

பக்கெற் அளவில் 12.2 வீதம் வெட்டினால் 16. அளந்து 11 மீற்றராக வெட்டினால் 18. இரண்டு றக்கெற் சும்மா கிடைக்கிறது.

அந்த 11ஐ உறுதிசெய்ய, முதல் தடவை 11.5 வெட்டிக் கட்டுங்கள். முடிச்சுப் போட முன்னர், இரண்டு முனையிலும் வாய்க்கு அப்பால் மிஞ்சி நின்றதை அளந்து 11.5இலிருந்து கழியுங்கள். வருவதுதான் உங்கள் றக்கெற்றுக்கும் உங்கள் மெசினுக்கும் உரிய எண். றக்கெற்றின் பெயர், எத்தனைக்கு எத்தனை, திருப்பம் நுனியிலா கழுத்திலா, குட்டைப் பக்கம், மொத்தம் என்று மட்டையில் எழுதி மெசினில் ஒட்டிவிடுங்கள். நரம்பின் வகை மாறினால் 10 செ.மீ. கூட்டுங்கள்.

றீலைப் படுக்கவைத்து மேலால் உருவாதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். கம்பில் கோர்த்து உருளவிட்டு எடுங்கள்.

பட்மின்ரன் கட்டிப் பழகின கை. என்ன மாறுது?

பட்மின்ரன் பக்கெற் 10 மீற்றர், நரம்பு 0.70 மி.மீ. அளவு, நெடுக்கு 22. குறுக்குவழி எண்கள் ஒன்றும் இங்கே பொருந்தாது. மெசின் இரண்டுக்கும் ஆனதென்றாலும் கிளாம்பைக் கவனியுங்கள். 0.70க்கு இறுக்கிவைத்த கிளாம்பில் 1.30 நரம்பை நெரித்தால் நசியும், தளர்த்திப் போட்டால் நழுவும். நழுவியதும் நீளக் கணக்கும் இழுவையும் ஒன்றாகக் கெடும்.

கடைசி நெடுக்கு வாய்க்கு எட்டேல்ல. எல்லாத்தையும் வெட்டி எறியிறதா?

வேண்டாம். சட்டத்துக்கு வெளியே 5, 6 செ.மீ. வந்திருந்தால் காப்பாற்றலாம். ஒரு பழைய நரம்புத் துண்டை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தொடக்கக் கிளாம்பால் சேர்த்துக் கவ்வி, பழைய துண்டை மெசினால் இழுங்கள். அந்தப் பழைய துண்டு பாலமாக நிற்க, இழுவை அதன் வழியாகப் போய்ச் சேரும். முடிச்சுப் போட்டு இணைக்கலாமா என்று கேட்பார்கள். பொலியெஸ்ரர் வழுக்கும், 50 இறாத்தலில் அந்த முடிச்சு அவிழ்ந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். குட்டை முனையில் முடிச்சுப் போட விரல் போதாது. குறட்டால் பிடியுங்கள், ஆனால் சட்டத்தில் ஊன்றி நெம்பவேண்டாம்.

குறுக்கில் மூன்று நான்கு மிஞ்சியிருக்கும்போதே நரம்பு முடிந்துவிட்டால் பாலம் உதவாது. பக்கத்தில் முடிச்சுக் கண் இருந்தால் அங்கே முடித்துவிட்டு, புதுத் துண்டால் மிச்சத்தைப் பின்னலாம். ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது. கடைசிக் குறுக்கைப் போடாமல் விட்டுவிடுவது மட்டும் வேண்டாம்.

வெட்டி மிஞ்சின துண்டுகளை வைச்சிருக்கிறதால பயன் இருக்கா?

40 செ.மீ.க்கு மேற்பட்ட பொலியெஸ்ரர்த் துண்டுகளை வைத்திருங்கள். மேலே சொன்ன பாலத்துக்கு அவைதான். இன்னொரு வேலையும் உண்டு. சில கண்களில் நெடுக்கும் குறுக்கும் ஒன்றாகப் போகும். நெடுக்கை இறுக்க முன்னர் அந்தக் கண்ணில் ஒரு துண்டைச் செருகி வைத்தால் குறுக்குக்கு வழி அடைபடாது. அடைபட்ட கண்ணைக் குத்தூசியால் நெம்பி உள்ளிருக்கும் நரம்பைக் கீறுவதைவிட, முனையைச் சரிவாக வெட்டிய பழைய துண்டை முதலில் நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே வழி திறந்துவிடும்.